கிச்சுகிச்சு மூட்டும் காணொளியைப் பகிராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உருண்டைக் கண்ணுள்ள சிறு விலங்கு ஒன்றின் அக்குளில் கிச்சுகிச்சு மூட்ட, அது இரு கைகளையும் தூக்கியபடி இருக்கும் காணொளி 2009 முதல் உலகெங்கும் சுற்றுகிறது. இன்றும் வாட்ஸ்அப் குழுக்களில் "என்ன அழகு!" என்று பகிர்கிறார்கள். அது ஸ்லோ லோரிஸ், நம் தேவாங்கின் உறவு. கடித்து நஞ்சேற்றும் பாலூட்டிகள் உலகில் வெகு சில. அவற்றில் இதுவும் ஒன்று.

அதன் மேற்கையின் உட்புறத்தில், முழங்கையருகே, முடியில்லாத சிறு திட்டாக ஒரு சுரப்பி உண்டு. மிரண்டால் அதில் காட்டமான வாடையோடு எண்ணெய்ப்பசையுள்ள நீர் கசியும். அதை நக்கி எச்சிலில் கலந்துகொள்ளும். கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆறும் சீப்புபோல முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அவற்றின் இடுக்குகளில் ஏறும் இந்தக் கலவைதான் கடிவாயில் இறங்குகிறது. கையைத் தூக்கினால் வாய்க்குச் சுரப்பி எட்டும். ஆக, காணொளியில் நாம் பார்ப்பது பயந்துபோய்க் கடிக்கத் தயாராகும் விலங்கை.

கடிபட்டால் கடும் வலி, வீக்கம். காயம் ஆறாமல் சதை அழுகுவதும் உண்டு. அந்த நஞ்சிலுள்ள புரதம் பூனை ஒவ்வாமைக்குக் காரணமான புரதத்தை ஒத்திருக்கிறது. சிலருக்கு மூச்சுத்திணறலும் இரத்த அழுத்தச் சரிவும் வந்துவிடும். முறிமருந்து கிடையாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மூச்சு முட்டினால் அங்கே அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும்.

இதைப் பிடித்து வளர்ப்பு விலங்காக விற்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் நகவெட்டியாலோ இடுக்கியாலோ, மயக்க மருந்துகூட இல்லாமல், அந்தப் பற்களை நறுக்கிவிடுகிறார்கள். ஈறு சீழ்பிடித்துப் பல சாகின்றன. பிழைப்பவற்றையும் காட்டில் விட முடியாது. மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் தின்னப் பல் வேண்டுமே! வீட்டிலோ சோறும் வாழைப்பழமும் போட்டு நோயாளி ஆக்குகிறார்கள். இரவில் நடமாடும் விலங்கின் கண்களுக்குப் பகல் வெளிச்சமும் விளக்கும் தனிக் கொடுமை.

2007 முதல் இவற்றை நாடு விட்டு நாடு விற்பதை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸ் தடைசெய்திருக்கிறது. அசாம், மேகாலயா முதலிய வடகிழக்கு மாநிலக் காடுகளில் வாழும் வங்காள ஸ்லோ லோரிஸ், நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். அந்தக் காணொளிக்கு விழும் ஒவ்வொரு பகிர்வும் அடுத்த வாங்குபவரைத் தேடித் தருகிறது. காணொளி வந்தால் அழித்துவிடுங்கள், விற்பனை விளம்பரம் கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இன்னொன்று. கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 2022-இல் கடவூர் சரணாலயம் அமைந்தது நம்முடைய மெலிந்த தேவாங்குக்காக. அதற்கு இத்தகைய நஞ்சு இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. ஏற்கெனவே அபசகுனம் என்று அதை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். விஷ ஜந்து என்ற பெயரையும் அதன்மேல் ஏற்றிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வனவிலங்கு ஆர்வலர்கள்