ஓஎம்ஆரில் வீடு பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய பிரோஷரைப் பார்த்தேன். நீச்சல் குளம், ஜிம், மாடியில் தோட்டம், "மெட்ரோ நடக்கும் தூரத்தில்" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி, எல்லாம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் அன்றைக்கு போன் பண்ணினேன். மாப்பிள்ளை நடுவில் வந்து, "ஐடி வரதுக்கு முன்னாடி அங்க ஒண்ணுமே இல்லையாமே அத்தை" என்றார், நீயும் பின்னாலிருந்து "ஆமா, வெறும் காடு" என்று சொல்லிவிட்டு மீட்டிங் என்று போய்விட்டாய். நீ வளர்ந்த ஊரைப் பற்றி நீயே அப்படிச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. சரி, கோபமெல்லாம் இல்லை. ஆனால் பணம் போடுவதற்கு முன்னால் அந்த மண்ணில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு போடு, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இங்கே டீச்சராக வந்தது 1984இல். சென்னைக்குத் தெற்கே போகிற இந்த ரோட்டை அப்போது யாரும் ஓஎம்ஆர் (ஓல்டு மகாபலிபுரம் ரோடு) என்று சொன்னதில்லை, மகாபலிபுரம் ரோடு, அவ்வளவுதான். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழி விடும். ரோட்டுக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, கிழக்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் கொஞ்சம் மேடான ஒரு பட்டை. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் அந்த மேட்டில் இருந்த கிராமங்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே நெல் போடலாம், எங்கே தண்ணீருக்கு விட்டுவிட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. காடெல்லாம் இல்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது, தெற்கே கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளம், கால்வாயில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போயிருக்கின்றன. அந்தப் படகுகளைப் பார்த்த கிழவர்கள் நான் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே இங்கே தொழிற்சாலை இருந்தது. பெருங்குடியில் தொழிற்பேட்டை, திருவான்மியூர் முனையில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ். கம்பெனி பெயரே பஸ் ஸ்டாப் பெயராகிவிட்டது, இன்றைக்கும் கண்டக்டர் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார், உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது ஒரு ஆலை என்று தெரியுமோ. அப்புறம் காலேஜ்கள். படூரில் இந்துஸ்தான், செம்மஞ்சேரியில் சத்தியபாமா, செயின்ட் ஜோசப்ஸ், களவாக்கத்தில் எஸ்.எஸ்.என். என்று வரிசையாக பொறியியல் கல்லூரிகள் 80களிலும் 90களிலும் வந்துவிட்டன. நிலம் மலிவு, சென்னைக்கும் பக்கம், அதனால் வந்தார்கள். ஐடி கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தபோது ரோடு ஓரத்திலேயே வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது தற்செயலாக அமைந்ததென்றாலும், இந்த ஊர் வளர்ந்த கதையில் பாதி அதுதான் என்பது என் எண்ணம். நீயும் அப்படிப் படித்து, அப்படியே வேலைக்குப் போனவள்தானே.

டைடல் பார்க் என்ற ஐடி வளாகத்தை 2000 ஜூலை 4ஆம் தேதி திறந்தார்கள். பிரதமர் வாஜ்பாய் வந்தார், கலைஞர் முதலமைச்சர். தமிழக அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் கட்டியது, கிட்டத்தட்ட 13 லட்சம் சதுர அடி. இவ்வளவு பெரிய கட்டடத்தை யார் வந்து நிரப்பப்போகிறார்கள் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம். நிரம்பியது. நிரம்பி வழிந்தது என்றே சொல்லலாம், இடம் கிடைக்காதவர்கள் தெற்கே நகர்ந்து கந்தன்சாவடி, பெருங்குடி என்று கண்ணாடிக் கட்டடமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்து வரிச் சலுகை கிடைத்ததும் வேகம் இன்னும் கூடியது. சோழிங்கநல்லூரில் எல்காட் வளாகம், சிறுசேரியில் அரசின் சிப்காட் ஐடி பூங்கா. சிறுசேரி டிசிஎஸ் கட்டடத்தை வரைந்தவர் கார்லோஸ் ஓட் என்று உருகுவே நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர், மேலிருந்து பார்த்தால் வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன்.

இந்த மாற்றத்தை நான் பார்த்தது செய்தித்தாளில் இல்லை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில். அதில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். நான் வந்த புதிதில் அதில் விவசாயம், விவசாயக் கூலி, மீன் பிடித்தல், இடையிடையே "கம்பெனி" என்று எழுதுவேன், கம்பெனி என்றால் பெருங்குடி தொழிற்பேட்டை. 90களின் கடைசியில் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் அதிகமானார்கள். திடீரென்று சில பேர் "நில வியாபாரம்" என்று சொன்னார்கள், கழுத்தில் செயின், கையில் மோதிரம், முந்தின வருஷம் அதே ஆள் தன் மூத்த பையனைச் சேர்க்க வந்தபோது விவசாயம் என்று சொன்னவர். அப்புறம் கால் டாக்ஸி டிரைவர், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங். தாயார் தொழில் என்ற கட்டத்தில் அதுவரை கண்ணை மூடிக்கொண்டு "இல்லத்தரசி" என்று எழுதிவந்தோம், அதுவும் மாறியது. காலை 6 மணிக்கே வேன் ஏறி டெக் பார்க்கில் தரை துடைக்கப் போகிற அம்மாக்கள். பிறந்த ஊர் கட்டத்தில் ஒடிசா, பீகார் மாவட்டங்களின் பெயர் வர ஆரம்பித்ததும் எனக்கு எழுத்துக்கூட்டவே தெரியாமல் அந்தப் பிள்ளையையே போர்டில் எழுதச் சொல்வேன். அந்தப் பதிவேட்டில் "சாஃப்ட்வேர்" என்று எழுத எனக்கு வாய்ப்பு வந்ததே இல்லை. அவர்கள் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனார்கள்.

ரோடு நன்றாக வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர், ஆறு வழிச் சாலை, 2008இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். டோல்கேட்டும் கூடவே வந்தது. பெருங்குடியில் இருக்கிறவன் கடைக்குப் போய்வரக் காசு கட்டணுமா என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. மெட்ரோ வேலை தொடங்கியதும் 2021 ஆகஸ்ட் கடைசியில் நான்கு இடங்களில் வசூலை நிறுத்தினார்கள், நாவலூரில் மட்டும் 2023 அக்டோபர் வரை ஓடியது.

ஆனால் கண்ணம்மா, ரோடும் ஆபீஸும் முதலில் வந்து, மனுஷன் குடியிருக்கத் தேவையானது எல்லாம் பின்னால் வந்த ஊர் இது. குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை, ரயில், எதை எடுத்தாலும் அப்படித்தான். பல வருஷம் இந்த இடங்கள் தனித்தனிப் பஞ்சாயத்தாக இருந்தன. உலகக் கம்பெனிகள் எல்லாம் இருக்கிற இடத்தில் கட்டட அனுமதியைப் பார்த்தது ஒருவர், குப்பையைப் பார்த்தது இன்னொருவர். 2011இல்தான் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகராட்சி மண்டலமாயின. நீ பார்த்திருக்கிற அந்த ஃபிளாட் நாவலூர் தாண்டி இருக்கிறது, அது இன்னும் மாநகராட்சி எல்லைக்குள் இல்லை, செங்கல்பட்டு மாவட்டம். பிரோஷரில் "சென்னை" என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்காதே.

தண்ணீர் கதை உனக்கே கொஞ்சம் தெரியும். லாரி வந்து சம்ப்பில் ஊற்றினால்தான் பெரிய பெரிய குடியிருப்புகளிலும் குளியல். 2019 ஜூனில் லாரித் தண்ணீரும் திண்டாட்டமாகி, இந்த ரோட்டில் சில ஐடி கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆட்களிடம் சொன்னது செய்தியாக வந்தது. கொரோனாவுக்கு முன்னாலேயே நமக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம் வந்துவிட்டது, தண்ணீர் இல்லாமல்! நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் ஒன்று, 2024இல் இரண்டாவது என்று வந்த பிறகு நிலைமை பரவாயில்லை. ஆனால் உன் ஃபிளாட்டுக்குக் குழாய் வருமா, வராதா என்பதை விற்கிறவர் வாயால் கேட்காதே. அங்கே ஏற்கெனவே குடியிருக்கிற யாரையாவது பிடித்து, மாதம் பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போகிறது என்று கேள்.

இனி வெள்ளம். தாம்பரம், மேடவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வரும். சதுப்பு அதை வாங்கி நிறுத்தி, நிதானமாக ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாக பக்கிங்காம் கால்வாயில் விடும், அது தெற்கே ஓடி முட்டுக்காட்டில் கடலில் சேரும். இதுதான் இந்தப் பக்கத்து வடிகால். அந்தச் சதுப்பு 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கு, இப்போது அதில் சொச்சம்தான் மீதி. நடுவில் பெருங்குடி குப்பைமேடு, ஓரமெல்லாம் கட்டடம், குறுக்கே ரோடு. அரசாங்க அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும்கூட அதில் இடம் பிடித்தன, தனியாரை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. 2015 டிசம்பரில் நீ ஹைதராபாத்தில் இருந்தாய். நம் தெருவில் தண்ணீர் மேலிருந்து வந்த மாதிரியே இல்லை, தரைக்கடியிலிருந்து ஊறி வந்த மாதிரி இருந்தது. முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாகக் கறுப்பாக ஏறியது, அப்புறம் வாசல். அப்பா பீரோவின் கீழ்த் தட்டைக் காலி பண்ணி முடிப்பதற்குள் கட்டில் கால் முழுகிவிட்டது. 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் அதே வாசல், அதே வழி. அடுத்த தெருவில் பழைய ஊர்க்காரர்கள் வீடு இருக்கிறதே, கோயிலை ஒட்டி, அங்கே இரண்டு தடவையும் தண்ணீர் ஏறவில்லை.

கண்ணகி நகரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஊரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. டைடல் எழும்பிய அதே காலத்தில், நகரத்துக்குள்ளே ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடிசைகளை எடுத்து அந்தக் குடும்பங்களை துரைப்பாக்கத்துக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்கள். 15,000க்கு மேல் வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இன்னும். பழைய வேலை எல்லாம் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருக்க, பஸ்ஸுக்கே கூலி போய்விடுகிறது என்று அங்கிருந்து வந்த தாய்மார்கள் என் வகுப்பு வாசலில் நின்று அழுதிருக்கிறார்கள். இன்றைக்கு இந்தக் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பதும் காவல் காப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான், அவர்கள் இல்லாவிட்டால் ஒருநாள் ஓடாது. ஆனால் முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்க யோசிக்கிறவர்களும் இதே ரோட்டில்தான் இருக்கிறார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிய இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாளே, அன்றைக்கு அந்தத் தெருவில் வெடித்த வெடி எங்கள் வீடு வரை கேட்டது. நீ வாங்கப்போகும் குடியிருப்பில் வேலை செய்ய வருகிறவர்களும் இப்படி ஒரு இடத்திலிருந்துதான் வருவார்கள், அவர்கள் வர பஸ் இருக்கிறதா என்பதையும் பார்.

மெட்ரோ நிச்சயம் வரும், தூண்களைத் தினமும் பார்க்கிறேன். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு தடம், சோழிங்கநல்லூரில் இன்னொரு தடம் வந்து சேரும். டைடல் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு இந்த ரோட்டுக்கு ரயில் வருகிறது. வேளச்சேரிப் பறக்கும் ரயில் தரமணி வரை ஓரமாக வந்து அப்படியே திரும்பிவிட்டதே, அது நேராகத் தெற்கே வந்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும் என்று அப்பா இன்றைக்கும் புலம்புவார்.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், கடைசிவரை இருக்கவும் போகிறோம், நீ பக்கத்தில் ஒரு வீடு வாங்கினால் எனக்குக் கசக்குமா? வாங்கு. ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதே. வில்லங்கத்தில் யார் யாருக்கு விற்றார்கள் என்றுதான் தெரியும், அந்த நிலம் என்னவாக இருந்தது என்று தெரியாது. அதற்கு வருவாய்த்துறையின் "அ" பதிவேடு பார்க்க வேண்டும். நஞ்சையா, புஞ்சையா, ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா என்று அதில் இருக்கும். நஞ்சை என்றிருந்தால் தண்ணீர் நின்ற பூமி, தரைத்தளம் எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள், ஜெனரேட்டரும் மின்சாரப் பெட்டியும் அடித்தளத்திலா மேலேயா என்று கேட்க வேண்டும். கிராம வரைபடத்தில் அந்த மனைக்குள் வாய்க்கால் கோடு எதுவும் ஓடினால் பேச்சே வேண்டாம்.

சர்வே எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. உட்பிரிவு எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்கு, வெறும் சர்வே எண்ணை மட்டும் கொடுத்துச் சமாளிப்பார்கள். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது நில அளவை வேலையில் இருக்கிறான், அவனைக் கூட்டிக்கொண்டு நானும் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே, இந்த வாரம் மட்டும்தான் இந்த விலை என்று அவர்கள் எத்தனை தடவை போன் பண்ணினாலும்.

அன்புடன்,
அம்மா