காலாண்டு விடுமுறையில் உங்கள் பிள்ளை படிக்கப்போகும் ஆங்கிலச் சொற்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சம்பா நடவு நடக்கிற நேரம். பெற்றோர் கூட்டம் என்று அழைத்தால் உங்களில் பலர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசிக்க நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காலாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத் தாள்களை நான்தான் திருத்தினேன். 'என் தந்தை' என்ற கட்டுரையில் ஒரு மாணவி இப்படித் தொடங்கியிருந்தாள்: "மை ஃபாதர் இஸ் எ நொட்டோரியஸ் ஃபார்மர்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "நொட்டோரியஸ்னா புகழ்பெற்றன்னு புக்குல போட்டிருக்கு டீச்சர்" என்றாள். புத்தகத்தை எடுத்துவந்தும் காட்டினாள். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஒற்றைச் சொல்லில் தமிழ். அவள் சொன்னபடிதான் அச்சாகியிருந்தது. ஆனால் நொட்டோரியஸ் என்பது கெட்ட பெயரால் ஊரறிந்தவனைச் சொல்வது. செய்தித்தாளில் திருடனுக்கும் மோசடிக்காரனுக்கும் போடுகிற சொல். அர்த்தத்தைச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அப்பாவைப் பெருமையாகச் சொல்ல வந்தவள் அவள். அந்த வரிக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. வேறு சொல் நீயே போடு என்றேன். யோசித்து 'ரெஸ்பெக்டட்', அதாவது மதிப்புக்குரியவர், என்று எழுதினாள்.

இந்த மாதிரி ஆயிரம் சொல், ஐயாயிரம் சொல் என்று அட்டையில் போட்ட புத்தகங்களை நீங்கள் 300 ரூபாய் கொடுத்து வாங்கித் தருகிறீர்கள். அந்தப் பணம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: இனி வாங்க வேண்டாம். வாங்கியதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அகராதிக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கட்டும். ஒரு சொல்லை இருபது தடவை எழுதச் சொல்லி உட்கார வைப்பதையும் விட்டுவிடுங்கள். கை வலிப்பதுதான் மிச்சம். மனப்பாடம் செய்தது எத்தனை சீக்கிரம் மறக்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து 1885-லேயே எழுதியிருக்கிறார். ஒரே மூச்சில் படித்தது சீக்கிரம் போய்விடும். இன்று, நாளை, நாலு நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தது தங்கும்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு தாய் என்னிடம் வந்து, "எனக்கு ஏபிசிடியே தெரியாது டீச்சர், அவன் சரியாப் படிக்கிறானான்னு நான் எப்படிப் பாக்குறது?" என்று கேட்டார். உங்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் இருக்கிற கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். உங்களால் பார்க்க முடியும். அதைச் செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

எட்டாம் வகுப்பில் 'ரைவல்' என்ற சொல் வந்தது. போட்டியாளர், எதிராளி என்று எழுதிப்போட்டுப் போயிருக்கலாம். நான் போடவில்லை. "ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுற ரெண்டு பேருக்கு நடுவுல என்ன நடக்கும்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் இருந்த பையன் உடனே எழுந்தான். "தண்ணி கொறைஞ்சா சண்டை வரும் டீச்சர். ராத்திரி மடையைத் தெறந்தது யாருன்னு காலையில பஞ்சாயத்து நடக்கும்." வகுப்பே ஆமாம் ஆமாம் என்றது. அப்புறம்தான் சொன்னேன். லத்தீன் மொழியில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன் 'ரீவாலிஸ்'. அதிலிருந்து வந்ததுதான் ரைவல். பிள்ளைகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கணக்கு வகுப்பில் 'டெரைவ்' என்று சொல்கிறார்களே, அதுவும் அதே ஓடையிலிருந்து பிறந்த சொல்தான். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரித்து விடுவது போல, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்து எடுப்பது.

'ட்ரிபுலேஷன்' என்று ஒரு சொல் இருக்கிறது. பெருந்துன்பம் என்று பொருள். பெரிய வகுப்புப் பிள்ளைகளே பார்த்துப் பயப்படுகிற சொல். ரோமானியர்கள் அடியில் கூர்க்கல் பதித்த பலகையை மாடு பூட்டிக் கதிரின் மேல் இழுத்து, நாம் நெல்லைப் பிரிப்பது போலத் தானியத்தைப் பிரிப்பார்கள். அந்தப் பலகைக்கு 'ட்ரிபுலும்' என்று பெயர். கதிர் படுகிற பாட்டை மனிதன் படுகிற பாட்டுக்குச் சொன்னார்கள். இப்போது அறுவடை மெஷின் வந்துவிட்டது. ஆனால் களத்தில் பிணையல் மாடு சுற்றியதைப் பார்த்த பாட்டன்மார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பேரப்பிள்ளைக்கு அவரைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

நம்மிடமிருந்தே ஆங்கிலத்துக்குப் போன சொல்லும் உண்டு. கல்லணையை வெள்ளைக்காரன் 'கிராண்ட் அனிகட்' என்று எழுதினான். 1830-களில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கட்டியவை 'அப்பர் அனிகட்', 'லோயர் அனிகட்' ஆயின. அனிகட் என்பது நம் அணைக்கட்டுதான். ஆங்கில அகராதியில் அது இன்றும் இருக்கிறது. அடுத்த முறை கல்லணைக்குப் போனால் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். பிள்ளை அந்தச் சொல்லின் அர்த்தத்தை உங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் புரியவில்லை என்றால் அவனுக்கும் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, "இது வையிற சொல்லா, வாழ்த்துற சொல்லா?" என்று கேளுங்கள். "நம்ம தெருவுல யாருக்கு இதைச் சொல்லலாம்?" என்று கேளுங்கள். என்னிடம் வந்த அந்தத் தாய் அன்றைக்கே இதைச் செய்து பார்த்திருக்கிறார். பையன் 'ஃப்ரூகல்' என்றால் கஞ்சன் என்றானாம். "அப்ப உன் அப்பாயிய அப்படிச் சொல்லுவியா?" என்று கேட்டிருக்கிறார். களத்தில் சிந்திய நெல்லைக்கூட ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சேர்க்கிறவர், வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பாதவர் அந்த அப்பாயி. பையன் அகராதியை மறுபடி புரட்டி, "கஞ்சம் இல்லம்மா, சிக்கனம்" என்று திருத்தியிருக்கிறான். ஏபிசிடி தெரியாது என்றவர்தான் அந்தத் தவறைப் பிடித்தார்.

நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய இங்கிலீஷ் வருமா என்று சிலர் கேட்கிறீர்கள். குடமுருட்டிக் கரையில், நம் வலங்கைமானில் 1869-ல் வசதியில்லாத வீட்டில் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் படித்து, சென்னையில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, பிறகு தன் ஆங்கிலப் பேச்சுக்காக 'வெள்ளி நாவுடையவர்' என்று பெயர் வாங்கினார். கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

விடுமுறை முடிந்து வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவர வேண்டும். ஆங்கிலச் சொல் அல்ல, நீங்கள் வயலிலும் அடுப்படியிலும் புழங்குகிற சொல். நாற்றங்கால், தரிசு, தூற்றுதல், எதுவானாலும் சரி. அதற்கு ஆங்கிலத்தில் என்ன, அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று வகுப்பில் தேடப்போகிறோம். நாற்றங்காலும் சின்னப் பிள்ளைகள் படிக்கும் இடமும் ஆங்கிலத்தில் ஒரே 'நர்சரி'தான் என்று சொன்னபோது ஆறாம் வகுப்பு துள்ளிக் குதித்தது. அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதிய மாணவி அவரிடமே கேட்டு வந்து தன் சொல்லை இப்போதே கொடுத்துவிட்டாள்: பதர். கரும்பலகையின் ஓரத்தில் அதை எழுதி, பக்கத்தில் 'சாஃப்' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்