அசுணத்துக்குத் தாளம் கொடுத்தவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

பாட்டுகள் எல்லாம் மறுபடி பதிவாகிவிட்டன. முன்பு பதிந்திருந்த பாட்டுகள் போனது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பக் கிளற மனமில்லை. அசுணம் என்னும் உயிரினத்தைப் பற்றிய எங்கள் அனிமேஷன் படம் நிற்கவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

இசைப்படம் என்றால் அனிமேஷனில் பாட்டுதான் முதலில் வரும். அதைப் பதிந்து, தாளத்தை எண்ணி எண்ணித்தான் வரைவார்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படம். நிமிடத்துக்கு 120 தட்டு வரும் பாட்டென்றால், ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். அசுணம் காட்டிலிருந்து இறங்கி வரும் காட்சியில் ஒவ்வோர் அடியும் அப்படி வரைந்தது. பாட்டு போனபின் அதை ஒலியில்லாமல் ஓட்டியபோது எங்களால் பார்க்கவே முடியவில்லை.

குழுப்பாட்டுக்கு வந்த ஒரு சிறுமியைக் கூட்டிப்போக அவளுடைய அப்பா வந்திருந்தார். திரையைப் பார்த்தபடி நின்றவர், "இது என்ன மிருகம்?" என்று கேட்டார். சங்கப் பாட்டில் வருவது, சிலர் விலங்கு என்பார்கள், சிலர் பறவை என்பார்கள் என்றேன். யாழிசைக்கு மயங்கி அது கிட்டே வந்ததும் வேடர்கள் பறையை அறைவார்கள், அந்த ஓசை தாங்காமல் செத்துப்போகும் என்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பறைய மெதுவாவும் அடிக்கலாமேங்க" என்றார்.

அவர் பறையிசைக் கலைஞர் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வேடர் காட்சிக்காக வைத்திருந்த பறையை எடுத்தார். வழக்கமாகத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள், அப்போதுதான் ஓசை கணீரென்று எழும். இவர் காய்ச்சவில்லை. குச்சிகளையும் தொடவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு, தொய்ந்த தோலில் விரல்களால் தட்டினார். தாளம் எண்ணிக் கொடுக்க ஹெட்ஃபோன் நீட்டினோம், வேண்டாம் என்றுவிட்டார். அசுணத்தின் கால்களை மட்டும் பார்த்தார். அது கால் வைத்த இடத்திலெல்லாம் அவர் விரல் விழுந்தது. ஓடைக்கரையில் அது தயங்கி நிற்கும், அங்கே அவரும் நிறுத்தினார். அந்த நடையை வரைந்த பெண் என் பக்கத்தில் நின்று அழுதாள்.

அந்தத் தாளத்தின்மேல்தான் மற்ற எல்லாவற்றையும் திரும்பக் கட்டினோம். சம்பளப் பேச்சை எடுத்தபோது, "சாகாம நடந்து வருதுல்ல, போதும்" என்றுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து பாடிய பாடகர்களே, காட்சிகளை முழுப் படமாக்கும் ரெண்டரிங் வேலைக்குக் கணினிகளை இரவல் தந்தவர்களே, பழைய ஒத்திகைப் பதிவுகளைத் தேடி அனுப்பியவர்களே, பிள்ளைகளை மறுபடி பதிவுக்கு அழைத்துவந்த பெற்றோரே, பணம் அனுப்பிப் பெயர் சொல்லாதவர்களே, நீங்கள் ஒருவர் இல்லையென்றாலும் இது நடந்திருக்காது. நன்றி.

நற்றிணையில் ஒரு தலைவி, தன் தலைவனுடைய மார்பு அசுணம் கொல்பவர் கையைப் போல இன்பமும் துன்பமும் உடையது என்கிறாள். யாழை மீட்டுகிற கையே பறையை அறைந்து கொல்கிறது. அதிலிருந்துதான் எங்கள் கதை பிறந்தது. பறைக்கு இன்னொரு குரலும் உண்டு என்று காதால் கேட்டபின், அதைக் கொல்லும் கருவியாக மட்டும் காட்டிக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் கடைசிக் காட்சியை மாற்றி வரைகிறோம். யாழும் பறையும் சேர்ந்து ஒலிக்கும், அசுணம் ஓடாது. வேலை கூடும், கூடட்டும்.

இசைக் கலைஞர்கள் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் வரும். அவரிடம் கேட்டுவிட்டேன், ஒத்துக்கொண்டார். படம் முடிந்ததும், எந்த விழாவுக்கும் அனுப்புவதற்கு முன்னால், பாடிய பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உங்களுக்கும்தான் முதல் காட்சி. தேதி முடிவானதும் எழுதுகிறேன்.