செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. லினக்ஸ் நிறுவும் முகாமுக்குக் கல்லூரி மாணவர்கள் பழைய லேப்டாப்களோடு வந்திருந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது, ஜன்னல், பட்டன் கொண்ட செயலிகளை எழுத உதவும் நிரல் தொகுப்பான ஜிடிகே பற்றிய வகுப்புதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜிடிகே படிக்கப் பாடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, தேடினால் கொட்டிக் கிடக்கிறது. எந்தக் காலத்துச் சரக்கு என்பதில்தான் சிக்கல். ஜிடிகே 2 வந்தது 2002இல், 3 வந்தது 2011இல், 4 வந்தது 2020 டிசம்பரில். மூன்றுக்கும் எழுதியவை கலந்தே கிடைக்கின்றன. பலவற்றில் பதிப்பு எண்ணே இல்லை. மாணவர்கள் கொண்டுவந்த பைதான் நிரல்மொழிப் பாடம் ஒன்றில், பாக்ஸுக்குள் (பட்டன் போன்றவற்றை அடுக்கும் பெட்டி) பட்டனை வைக்க 'பேக்_ஸ்டார்ட்' என்ற கட்டளை இருந்தது. நான்காம் பதிப்பில் அது கிடையாது, 'அப்பெண்ட்' தான். எல்லாவற்றையும் திரையில் காட்டும் 'ஷோ_ஆல்' போய்விட்டது, செயலியை ஓட வைக்கும் 'மெயின்' கூடப் போய்விட்டது. அப்படி ஒரு அட்ரிபியூட்டே (அந்தப் பெயரில் எதுவுமே) இல்லை என்று பிழைச்செய்தி வர, பிள்ளைகள் தாங்கள்தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஜிடிகேயோடு வரும் டெமோ செயலி. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் 'ஜிடிகே-4-எக்சாம்பிள்ஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் போதும். இடப்பக்கப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தால் அதன் மூல நிரல் பக்கத்திலேயே தெரியும், ஓட்டியும் பார்க்கலாம். நிறுவிய பதிப்பும் பாடமும் ஒன்று என்பதால் ஏமாற வழியில்லை. எல்லாம் சி மொழியில் இருக்கிறதே என்று முணுமுணுப்பு எழுந்தது. சரிதான், ஆனால் 'ஜிடிகே_பாக்ஸ்_அப்பெண்ட்' பைதானில் 'பாக்ஸ்.அப்பெண்ட்' ஆகிறது, அவ்வளவுதான். பழைய பாடமே வேண்டும் என்பவர்கள், அதிகாரப்பூர்வ ஆவணத்தில் 3இலிருந்து 4க்கு மாறுவது பற்றிய பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். அப்புறம், நம் கூடத்தில் நெட் வருவதும் போவதுமாக இருப்பதால், ஆவணத் தொகுப்பை எல்லாக் கணினியிலும் இறக்கி வைத்தாயிற்று.

செயலியில் எழுத்தைக் காட்டும் லேபிளில் தமிழ் ஒழுங்காக விழுமா என்று கேட்டவர்களுக்கு: விழும். எழுத்துக் கோர்வையை, ஜிடிகே பயன்படுத்தும் பேங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்புகள் பார்த்துக்கொள்கின்றன, தமிழ் எழுத்துரு இருந்தால் போதும்.

நூலகத்தில் உள்ள ஜிடிகே 2 அச்சுப்படிகளைக் கழிக்கலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். மூத்த உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்திருக்கிறார். என்னைக் கேட்டால், தனி அலமாரிக்கு மாற்றினாலே போதும். இனி சங்கம் தரும் எந்தக் கையேட்டிலும் முதல் வரியில் பதிப்பு எண்ணும் எழுதிய மாதமும் இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தையும் முன்வைக்கிறேன். இரண்டையும் பொதுக்குழு விவாதித்து முடிவுசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்