மதினிக்கு: இரண்டாவது சனிக்கிழமை என்ன வேலை?

அன்புள்ள மதினிக்கு,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் யாராவது நச்சரித்தாலாவது கிளம்புகிறீர்களா என்று பார்ப்போம்.

விஷயம் இதுதான். நீங்கள் ஒரு தடவை தனியாக வெளியூர் போய்விட்டு வர வேண்டும். அண்ணன் இல்லாமல், பிள்ளைகள் இல்லாமல், அம்மாவின் மாத்திரை டப்பா இல்லாமல்.

"போகாமலா இருக்கோம்? எல்எஃப்சியில சிம்லா வரைக்கும் போனோமே" என்பீர்கள். பேங்க் ஊழியர்களுக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்றிவரக் கிடைக்கும் பயணச் சலுகைதான் அந்த எல்எஃப்சி. நானும்தானே கூட வந்தேன். ரயிலில் புளியோதரைப் பொட்டலத்தை ஆளுக்கு ஒன்றாக எண்ணிக் கொடுத்தது நீங்கள். ஹோட்டலில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு, ஆறிப்போன வெந்நீரில் கடைசியாகக் குளித்ததும் நீங்கள். குஃப்ரியில் அண்ணன் குதிரைமேல் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். நீங்கள் கீழே எல்லோருடைய ஸ்வெட்டரையும் கையில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். அந்த ஆல்பத்தில் உங்கள் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊர் வந்து சேர்ந்த மறுநாள் அழுக்குத் துணி மூன்று நடை வாஷிங் மெஷினில் ஓடியது, பத்து மணிக்கு நீங்கள் பேங்கில் இருந்தீர்கள். எங்களுக்கெல்லாம் அது சுற்றுலா. உங்களுக்கு அது டெபுடேஷன். அதே வேலை, வேறு ஊர்.

பயணம் போனால் ஆளே மாறிவிடுவோம், வாழ்க்கையே புதிதாகிவிடும் என்று ரீல்ஸில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். நெதர்லாந்தில் 1,500 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வந்தது. விடுமுறைப் பயணம் போய்விட்டு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள், போகாதவர்களைவிட அப்படியொன்றும் சந்தோஷமாக இல்லையாம். ரொம்ப நிம்மதியாக இருந்துவிட்டு வந்தோம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் அது கொஞ்ச நாள் தங்கியிருக்கிறது. ஆனால் கிளம்புவதற்கு முன்னால், காத்திருந்த நாட்களில், போகப் போகிறவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். இன்னும் சில ஆய்வுகளைப் பார்த்தால், நீண்ட விடுமுறையில் ஏறிய தெம்புகூட வேலைக்குத் திரும்பிய ஒரு வாரத்துக்குள் வடிந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு "அப்ப எதுக்குப் போகணும்?" என்று கேட்கலாம். எனக்கு இதில் வேறு கணக்கு தெரிகிறது. எப்படியும் ஒரு வாரத்தில் வடியப் போகிறது என்றால், நாலு வருடம் சேர்த்துவைத்து ஒரே பெரிய பயணமாக ஏன் போக வேண்டும்? சின்னதாக, அடிக்கடி போகலாமே. டிக்கெட் போட்ட நாளிலிருந்தே சந்தோஷம் ஆரம்பித்துவிடுகிறது என்றால், அதுவும் லாபம்தான். ரயில்வேயில் இப்போது 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கிறது. அந்த இரண்டு மாதமும், லாக்கர் சாவியோடு யாராவது உங்கள் மேஜை முன்னால் வந்து நின்று கத்தும்போது, மனதுக்குள் ஒரு தேதி இருக்கும்.

சபீனே சோனென்டாக் என்று ஜெர்மனியில் ஓர் உளவியலாளர் இருக்கிறார். வேலைக் களைப்பிலிருந்து மனிதர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அவரும் உடன் ஆய்வு செய்தவரும் நாலு விஷயங்களைச் சொல்கிறார்கள். வேலையை மனதைவிட்டு இறக்கிவைப்பது, உடம்பும் மனதும் தளர்ந்து கிடப்பது, புதிதாக ஒன்றைச் செய்து பழகுவது, அப்புறம் நம் நேரம் நம் கையில் இருப்பது. இந்த நாலாவதை நினைத்துப் பாருங்கள். மூன்று மணிக்கு என்ன செய்வது என்று யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்து எவ்வளவு காலம் ஆகிறது? காபி குடிக்கலாமா என்று தோன்றினால்கூட முதலில் "யாருக்கெல்லாம் வேணும்?" என்றுதானே கேட்கிறீர்கள்?

நீங்கள் இல்லாவிட்டால் பேங்கும் வீடும் ஓடாது என்பது உங்கள் வழக்கமான பதில். பேங்க் விஷயத்தில் ரிசர்வ் வங்கியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கியின் நோட்டுகளை வைத்திருக்கும் பெட்டகம்), டிரஷரி (பேங்கின் முதலீடுகளைக் கவனிக்கும் பிரிவு) மாதிரி இடங்களில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 10 வேலை நாள், முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021 ஜூலையில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. அந்த நாட்களில் அலுவலக மெயிலைத் தவிர வேறு எதையும் தொட முடியாது. உங்கள் உடம்பு தேறட்டும் என்று போட்ட விதி இல்லை அது. ஏதாவது தில்லுமுல்லு இருந்தால் வெளியே வரட்டும் என்று போட்டது. இருக்கட்டும். சாவி வைத்திருப்பவர் பத்து நாள் வராவிட்டாலும் கதவு திறக்கிறது, பணம் போகிறது, வருகிறது.

போன வருடம் உங்களுக்கு அப்படி விடுப்பு வந்தபோது என்ன செய்தீர்கள்? பரண் ஒழித்தீர்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி எனக்குப் படம் வேறு அனுப்பினீர்கள். பளபளப்பாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். பேங்குக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் தென்காசி. ஞாயிறு சாயங்காலம் அதே வண்டியில் ஏறினால் திங்கள் காலையில் சென்னை. விடுப்பு ஒன்றுகூடச் செலவாகாது.

எங்கள் வீட்டில் தங்காதீர்கள். கோபப்பட வேண்டாம், யோசித்துத்தான் சொல்கிறேன். இங்கே வந்தால் அரை மணி நேரத்தில் அடுப்படிக்குள் நுழைந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். லாட்ஜில் ரூம் போட்டுத் தருகிறேன். காலையில் காசி விசுவநாதர் கோயில். சாரல் காலமாக இருந்தால் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குற்றாலத்துக்குச் சனி, ஞாயிறில் போனால் அருவித் தண்ணீரைவிட ஆள் தலைதான் அதிகம் தெரியும். சித்திர சபையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். அங்கே கூட்டம் இருக்காது, சுவர் நிறைய மூலிகை வண்ண ஓவியங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது மதியத்துக்கு மேல். செங்கோட்டைக்கு வந்து, மதுரையிலிருந்து வருகிற குருவாயூர் வண்டியில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் புனலூர் வரை போங்கள். 1904இல் போட்ட மலைப்பாதை. மீட்டர் கேஜை அகலப்பாதையாக்க 2010இல் மூடினார்கள், 2018இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. மலை ஏற்றம் என்பதால் வண்டி மெதுவாகத்தான் போகும், பின்னாலும் ஓர் என்ஜின் தள்ளும். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க "ஓ"வென்று கத்துவார்கள். பிள்ளைகள் ஆரம்பித்து வைப்பார்கள், அப்புறம் யார் கத்துகிறார்கள் என்று தெரியாது. இருட்டுதானே, நீங்களும் கத்தலாம். கிளை மேலாளர் யாரும் அந்தப் பெட்டியில் இருக்கமாட்டார். குகையைத் தாண்டினால் இந்தப் பக்கத்து வெயில் போய், ஜன்னலை உரசுகிற மாதிரி பச்சை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி போகும்போது கீழே ரோட்டில் நிற்பவர்கள் கை காட்டுவார்கள். மேலே இருக்கும் நமக்குப் பாலம் சரியாகத் தெரியாது, அதை வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நேரமும் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. முதலில் கை பரபரக்கும். போனை எடுப்பீர்கள், மலைக்குள் சிக்னல் வந்து வந்து போகும், வைத்துவிடுவீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மலையாளத்து அம்மா எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். "சும்மாதான்" என்று சொல்லிப் பாருங்கள். இப்படி ஒரு பதிலை நீங்கள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

புனலூரில் கல்லடை ஆற்றின்மேல் 1877இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது, இப்போது நடக்க மட்டும்தான். நடந்துவிட்டு பஸ் ஏறி வாருங்கள். ராத்திரி, செங்கோட்டை பக்கத்தில் இருக்கும் பிரானூர் பார்டரில் பரோட்டா. அதற்கு மட்டும் நான் கூட வருவேன், பில்லும் நான்தான்.

வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அண்ணனுக்குக் குக்கர் வைக்கத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறான், அவ்வளவுதான். அம்மாவின் மாத்திரையைப் பெரியவன் கொடுப்பான், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவனுக்குக் காலை, மாலை என்று எழுதியிருப்பதைப் படிக்க வரும். ஒரு வேளை சாம்பாரில் உப்புக் கூடினால் கூடட்டும்.

டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு 45 முடிந்துவிட்டது. பெண்களுக்கு அந்த வயதிலிருந்தே கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, தனியாகப் போனால் கிடைப்பதும் சுலபம். குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் போனால் அந்தச் சலுகை கிடையாது. பதிவு செய்துவிட்டு பிஎன்ஆர் நம்பரை எனக்கு அனுப்புங்கள். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்,
தென்காசி