பெற்றோர் சங்க ஆண்டறிக்கை: உப்பும் பிள்ளைகளின் படிப்பும்

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போன பொதுக்குழுவில் ஒரே ஒரு வேலையைத்தான் கையில் எடுத்தோம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு அயோடின் சத்து போதுமான அளவு கிடைக்கிறதா என்பதைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சேர்த்தோமா என்றால் சேர்த்தோம். ஆனால் பாதி வருடம் நாங்களே தப்பாகச் சொன்னதைத் திருத்துவதில் போய்விட்டது. அதை மறைத்து எழுத மனசு வரவில்லை. மற்றபடி கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, செயற்குழுவில் மாற்றம் இல்லை.

முதல் கூத்து உப்புச் சோதனை. வீட்டு உப்பைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி, தட்டில் பரப்பி, சோதனைக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டோம். உப்பு ஊதா கலந்த நீலமாக மாறியதும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு அம்மா கொண்டுவந்த உப்பு மட்டும் வெள்ளையாகவே இருந்தது. "இதில் அயோடின் இல்லை, மாற்றுங்கள்" என்று எல்லார் முன்னாலும் சொன்னது நான்தான். அவர் மறுவாரம் உப்புப் பொட்டலத்தையே எடுத்து வந்து காட்டினார். பொட்டாசியம் அயோடைடு சேர்த்தது என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. உப்பில் அயோடினை அயோடைடு, அயோடேட் என்று இரண்டு வடிவில் சேர்ப்பார்கள்; எங்கள் குப்பியோ பொட்டாசியம் அயோடேட்டுக்கு மட்டும் நிறம் காட்டும் ரகம். அந்த அம்மாவிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, நிறம் வந்தால் அயோடின் இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, அடர்த்தியை வைத்து அளவைச் சொல்ல முடியாது. வீட்டு உப்பில் குறைந்தது 15 பிபிஎம், அதாவது கிராமுக்கு 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதைச் சரியாக அளக்க ஆய்வகம்தான் வேண்டும்.

அடுத்த கூத்து இதைவிடப் பெரியது. "அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும்" என்று நாம் சொன்னது, ஒரு மாதத்துக்குள் "அயோடின் கொடுத்தால் மார்க் கூடும்" என்று சுற்றிவந்து என் காதிலேயே விழுந்தது. பரீட்சைக்கு முன்னால் சொட்டு மருந்து வாங்கலாமா, கடற்பாசி மாத்திரை தரலாமா என்று கேள்விகள் வேறு. வேண்டாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 120 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. கழுத்தில் இருக்கும் தைராய்டுச் சுரப்பி அதை எடுத்து, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்ஸின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. ஒரு தைராக்ஸின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. அயோடின் கிடைக்காவிட்டால் சுரப்பி தவித்துத் தவித்து வீங்கும், அதுதான் கழுத்துக் கழலை. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தாலும் அதே சுரப்பிதான் தடுமாறும்.

குறைவாக இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தால் பலன் உண்டு என்பதும் உண்மை. 2006இல் வெளியான அல்பேனிய ஆய்வில், 10 முதல் 12 வயதில் நடுத்தரக் குறைபாடு இருந்த பிள்ளைகளுக்கு அயோடின் எண்ணெய் மாத்திரை கொடுத்தார்கள்; ஏழு தேர்வுகளில் நான்கில் அவர்கள் முன்னேறினார்கள். 2009இல் நியூசிலாந்தில், லேசான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வீதம் 28 வாரம் கொடுத்தபோது, படங்களையும் வடிவங்களையும் வைத்து யோசிக்கும் தேர்வுகளில் கொஞ்சம் மேலே வந்தார்கள். இரண்டுமே பள்ளத்தில் நின்ற பிள்ளைகளைத் தரைக்கு ஏற்றிய கதை. தரையில் நிற்பவனை மாடிக்கு ஏற்றும் என்று யாரும் காட்டவில்லை.

அப்புறம் சிறுநீரில் அயோடின் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை. லிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்குக் கீழே என்று வந்த தாளை வைத்துக்கொண்டு ஒரு அப்பா இரவு பத்து மணிக்குப் போன் செய்தார், குரலே நடுங்கியது. அந்த நூறு என்பது ஒரு கூட்டத்துக்கான கோடு. நிறையப் பள்ளிப் பிள்ளைகளிடம் மாதிரி எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் எண்ணைப் பார்த்து அந்த ஊர் முழுக்க எப்படி என்று சொல்லத்தான் அது. தனி ஒரு பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு எண் வரும், நாளைக்கு வேறு. இதை நாம் துண்டறிக்கையில் ஒரு வரி போட்டிருந்தால் அவர் அன்று தூங்கியிருப்பார்.

சமையலறை விஷயத்தில் மட்டும் தப்பில்லாமல் பேசினோம் என்று நினைக்கிறேன். அடுப்புப் பக்கத்தில் திறந்தே கிடக்கும் உப்பு ஜாடி, ஈரக் கரண்டி, மணிக்கணக்கில் கொதிக்கும்போதே போடும் உப்பு, இவையெல்லாம் அயோடினைக் குறைக்கும். மூடி வையுங்கள், இறக்கும்போது போடுங்கள். கடலிலிருந்து வந்தது என்பதற்காகச் சாதாரண உப்பில் அயோடின் இருந்துவிடாது. அதற்காக உப்பைக் கூட்டவும் வேண்டாம். பால், முட்டை, கடல்மீன் இவற்றிலும் கிடைக்கிறது.

இனி வரும் ஆண்டுக்கான தீர்மானம். மூளைக்கு அயோடின் அதிகம் தேவைப்படும் காலம் பள்ளிக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கருவின் தைராய்டு பாதிக் கர்ப்பம் வரை முழுதாக வேலை செய்யாது, அதுவரை தாயின் சுரப்பிதான் இருவருக்கும். 2013இல் வந்த பிரிட்டன் ஆய்வில், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அயோடின் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் 8 வயதில் மொழித்திறன் தேர்விலும் 9 வயதில் வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். கர்ப்பிணிக்கு வேண்டியது நாளுக்கு 250 மைக்ரோகிராம். ஆகவே அடுத்த ஆண்டு முதல் கூட்டத்துக்குப் பள்ளிப் பெற்றோரை மட்டும் கூப்பிடாமல், அவர்கள் வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்களையும் கர்ப்பிணிகளையும் கூட்டி வரச் சொல்லலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. தைராய்டுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்பதை அழைப்பிதழிலேயே போடுவோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இதை அடுத்து வாசிப்பார். சோதனைக் குப்பி ஒன்று இன்னும் யாரோ வீட்டில் இருக்கிறது, கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். காலாவதித் தேதி நெருங்குகிறது.

செயலாளர்