எழுத்தா, சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாசிக்கக் கற்றுத்தர எழுத்திலிருந்து தொடங்குவதா, முழுச் சொல்லிலிருந்தா என்ற விவாதத்தில், ஆங்கிலத்துக்கான வாதங்களை அப்படியே தமிழுக்கும் பொருத்துகிறார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. நம் சிக்கல் வேறு. 247 எழுத்துகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகூட, 'கொ'வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்பதைப் பார்த்துத் தடுமாறும். 'கல்', 'மகன்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே ககரம்தான், ஒலி மூன்று. இது சொல்லுக்குள் வைத்துக் காட்டினால்தான் பிடிபடும். சரி, அதற்காக எழுத்தை விட்டுவிட முடியுமா? படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பது வாசிப்பே அல்ல. இரண்டும் வேண்டும், எழுத்து ஒரு படி முன்னால்.

தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வகுப்பறைக்குள் பாட்டும் கதையும் கொண்டுவந்தது நல்ல மாற்றம். ஆனால் எங்கள் டெல்டா கிராமங்களில், பள்ளி விட்டு வந்தால் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் இல்லாத வீடுகள்தான் அதிகம். அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான்: நாற்று, வரப்பு, மடை, வாய்க்கால் என்று பிள்ளைகள் தினம் பேசும் சொற்களில் சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சிட்டுத் தாருங்கள். ஊர்ப்புற நூலகங்களையும் மாலையில், பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தில், திறந்து வையுங்கள்.

– ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, மன்னார்குடி